வேலிக்கு அந்தப் பக்கத்து வைக்கோல்

யட்டவத்தையிலிருந்து மாத்தளைக்கு வரும் காலை பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள், பால் ஊற்றிவிட்டு வெறும் கேன்களோடு உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் சொன்னது காதில் விழுந்த பிறகு நான் போனைப் பார்க்கவில்லை.

“பக்கத்து வீட்டு ராஜு மாட்டுக்கு யூரியா குடுக்கிறான்.”

“வயலுக்குப் போடுற யூரியாவா அக்கா?”

“அதேதான். தண்ணியில கரைச்சு வைக்கோல்ல தெளிச்சு, பொலித்தீன்ல இறுக்கிக் கட்டி மூணு கிழமை, இருபத்தோரு நாள், வச்சிர்றான். பிரிச்சா நம்ம வீடு வரைக்கும் கண்ணெரியுது.”

“எதுக்காம்?”

“அதுல சுண்ணாம்பு மாதிரி ஒரு காரம் எழும்புமாம். அது வைக்கோல் நாரை உடைச்சிருமாம். உள்ள பூட்டிக் கெடக்கிற சத்தெல்லாம் மாட்டுக்குச் செரிச்சிருமாம். மாட்டு டாக்டர் சொன்னாருங்கிறான். யாருக்குத் தெரியும்.”

“அந்த அண்ணன் மாடு நல்லாத்தானே கறக்குது?”

“அதாண்டி சந்தேகம். டாக்டர் பேரைச் சொல்லிட்டு வேற என்னமோ கலக்கிறான்.”

மூத்தவர் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“ஞாயித்துக்கிழமை அவன் பூசைக்குப் போனதும் வேலிக்குள்ள கைய விட்டு ரெண்டு பிடி உருவிட்டு வந்தேன். நம்ம செவலைக்கு வச்சுப் பார்த்தேன்.”

“ஐயோ அக்கா. மாட்டுக்கு ஏதாச்சும் ஆச்சா?”

“ஆச்சு. மூணு நாளா நம்ம வைக்கோலை மோந்துகூடப் பார்க்க மாட்டேங்குது. வேலிப் பக்கமே பார்த்துக்கிட்டு நிக்குது.”