காத்து மெஷின்

கரண்ட் போனால் தொட்டி மீன்களுக்கு உடனே ஒன்றும் ஆகிவிடாது, ஐயா. திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் இன்வெர்ட்டர் கடைக்கு மீன் வளர்ப்பவர்கள் பதறிக்கொண்டு வருவார்கள். நாலு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் போனால் ஒரு சொம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரையே மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள், காற்று கலந்துவிடும் என்று சொல்லி அனுப்புவேன். இலவச யோசனை சொல்லி வியாபாரத்தைக் கெடுக்கிறேன் என்று முதலாளிக்கு என்மேல் வருத்தம்.

என் வீடு கிளியனூரில். கூடத்தில் நாலடித் தொட்டி, பதினோரு தங்கமீன். கண்ணாடியில் ஒரு விரல் ரேகை பட்டிருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. தொட்டியில் குமிழி விடுகிற சின்ன மோட்டாரை என் மனைவி பிரபாவதி காத்து மெஷின் என்பாள்.

போன ஆனியில் அவள் அப்பா விருத்தாசலம் எங்களோடு வந்து சேர்ந்தார். கல் குவாரியில் முப்பது வருஷம் இருந்தவர். நுரையீரல் முழுக்கத் தூசு. கரண்டில் ஓடி ஆக்ஸிஜன் தருகிற பெட்டி ஒன்றை வாங்கச் சொன்னார்கள், வாங்கினோம். பிளக் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்ததால் கட்டிலையும் அங்கேயே போட்டோம். அந்தப் பெட்டிக்கும் வீட்டில் காத்து மெஷின் என்றே பெயர் வந்துவிட்டது.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிர்ந்து பேசமாட்டார். அவர் சளிதான் எனக்கு ஆகவில்லை. அடித்தொண்டையிலிருந்து இழுத்துத் திரட்டி ஒரு எவர்சில்வர் சொம்பில் துப்புவார். அடியில் மஞ்சளாக, நூல் நூலாகக் கிடக்கும். இருமினால் என் தொட்டிக் கண்ணாடியில் தெறிக்கும். நான் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். அப்போதும் அந்தச் சத்தம் என் சாம்பாரில் விழுவது போலிருக்கும்.

ஐப்பசியில் ஒரு மதியம் நான் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைச் சரிபார்க்கக் கடைக்கு எடுத்துப் போயிருந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அவர் மெஷினும் நின்றது, மீன் மெஷினும் நின்றது. ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், மனிதர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உதடு நீலம் பாய்ந்திருக்கிறது. மேல்மூச்சு வாங்க வாங்கத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"மீனுக்கும் மூச்சு முட்டுமில்லீங்களா மாப்ளே. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்," என்றார்.

கையில் அதே சொம்பு. நன்றாகக் கழுவிவிட்டுத்தான் மொண்டாராம். அன்றைக்கே தொட்டியைக் காலி செய்து மூன்று முறை உப்புப் போட்டுக் கழுவினேன். அப்படியும் தண்ணீரில் ஏதோ நூல் மிதக்கிற மாதிரியே தெரிந்தது. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட எனக்குக் குமட்டியது.

கார்த்திகையில் புயல் வந்தது. பிரபாவதி பாண்டிச்சேரியில் துணிக்கடை வேலைக்குப் போனவள், சாலையில் தண்ணீர் ஏறியதால் அங்கேயே தங்கிவிட்டாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. கணக்குப் போடுவது என் தொழில். அவர் மெஷின் ஓடினால் பேட்டரி மூன்றரை மணி நேரம் வரும். மீன் மோட்டார் மட்டும் என்றால் இரண்டு நாளுக்குக் குறையாது. எப்படியும் நிற்கப் போவதை இப்போதே நிறுத்தினால் என்ன என்று தோன்றியது. அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டார் பிளக்கைச் செருகினேன்.

அவர் மெஷின் ஓடுகிற அளவுக்குப் பேட்டரியில் சார்ஜ் இல்லை என்று அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். பிறகு தொட்டியைக் காட்டி, "அதுங்களுக்கு?" என்றார். ஓடுகிறது என்றேன். நல்லது என்பதுபோல் கையைத் தாழ்த்தினார்.

பதினோரு மணிக்குப் பிரபாவதி போன் செய்தாள்.

"காத்து மெஷின் ஓடிக்கினு இருக்குதாங்க?"

"ஓடுது."

அதில் பொய் இல்லை. என் கண்ணெதிரில் குமிழி வந்துகொண்டுதான் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு எதிர்வீட்டு மைக்செட் செல்வகுமார் முழங்கால் தண்ணீரில் வந்து நின்றான். வீட்டில் ஜெனரேட்டர் போட்டிருக்கிறானாம், பெரியவர் மெஷினுக்கு ஒயர் இழுத்துத் தரட்டுமா என்று கேட்டான். பிடுங்காமல் விட்டிருந்தால் அவர் மெஷின் இன்னும் அரை மணி நேரம் ஓடியிருக்கும். அதுவும் என் கணக்கில் வந்தது.

"வேணாம்பா. தூங்கிக்கினு இருக்காரு," என்றேன்.

அவர் தூங்கவில்லை. கட்டில் சட்டத்தை நகத்தால் பிராண்டிக்கொண்டிருந்தார். வாயோரம் நுரை வழிந்தது. துண்டு என் தோளிலேயே கிடந்தது, துடைக்க மனம் வரவில்லை. ஒன்றரை மணிக்கு மூச்சு அடங்கியது. மறுநாள் பிரபாவதி வந்தாள், இன்வெர்ட்டரில் எந்தப் பிளக் இருக்கிறது என்று பார்த்தாள், நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

மீன்கள் பதினொன்றும் நன்றாக இருக்கின்றன.

இன்வெர்ட்டரை அவருக்கு விட்டுவிட்டு மீனுக்குச் சொம்பால் ஊற்றியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். ஊருக்கே நான் சொல்கிற யோசனைதான். ஆனால் அது அவர் துப்பிய சொம்பு, ஐயா. அதை எப்படிக் கையால் தொடுவது? வேறு சொம்பே வீட்டில் இல்லையா என்றால், இருந்தது. அடுக்களையில் ஆறு இருந்தது.