இடக்காதில் இரண்டு, வலக்காதில் ஒன்று

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. தீபாவளி கழிந்து இரண்டாம் நாள். பகல் பதினொன்று பத்து. பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் மழை. ஆள் நடமாட்டம் இல்லை. அச்சாலையிலிருந்து பிரியும் மண்பாதையின் கடைசியில் ஓர் ஆராய்ச்சி நிலையம். விக்ரம் அங்கே தனியாகப் போய் இறங்கினான். விக்ரம் என் தோழி ஞானம்மாளின் மகன். அவள் என்னிடம் சொன்னதையே சொல்கிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

"பகல் பதினோரு மணிக்கு இன்னா பேய் ஆன்ட்டி? நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு ஊட்டுக்குப் போற பேயா?" என்றாள் ஜீவா. மின்சாரம் போயிருந்த மொட்டைமாடியில் பேய்க்கதை கேட்கக் கூடியிருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

சிரித்து முடியுங்கள். காத்திருக்கிறேன்.

முடிந்ததா? அந்த அறைக்குள் அது இரவு.

வெள்ளைச் சுண்டெலிகளை வளர்க்கும் அறை அது. எலி இரவில் விழித்திருக்கும் பிராணி. அது விழித்திருக்கும் நேரத்தில் மனிதர் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அங்கே இரவில் விளக்கேற்றுவார்கள், பகலில் அணைத்துவிடுவார்கள். சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் எரியும். சிவப்பு வெளிச்சம் எலிக்குத் தெரியாது.

அந்த அறையைப் பத்தொன்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர் அண்ணனூர் கன்னியப்பன். எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. எலிகளுக்கு எண் இடுவது அவர் வேலை. சிறிய இடுக்கி ஒன்றால் காது விளிம்பில் ஓட்டை போடுவார்... டக். இடக்காதில் உள்ளவை பத்துகள், வலக்காதில் உள்ளவை ஒன்றுகள். கூண்டின் முகப்பில் அந்த எண்ணை எழுதிய அட்டை தொங்கும்.

விக்ரமின் ஆய்வில் இருபது எலிகள். பத்து எலிகள் ஒரு மரபணு நீக்கப்பட்டுப் பிறந்தவை. மற்றப் பத்தில் அது இருந்தது. அந்த மரபணு இல்லாத எலிக்குச் சர்க்கரை நோய் வராது என்று அவன் கட்டுரை எழுதிவிட்டான். அது இல்லாத பத்தில் மூன்றுக்கு நோய் வந்துவிட்டது. அவனுடைய நிரந்தர வேலை அந்த முடிவை நம்பியிருந்தது. அவன் அந்த மூன்றின் அட்டைகளை மற்றப் பத்தில் நோய் வராத மூன்றின் அட்டைகளோடு மாற்றி வைத்தான்.

அட்டையும் காதும் பொருந்தவில்லை என்று கன்னியப்பன் இயக்குநரிடம் சொன்னார். அவருக்குக் கண் மங்கிவிட்டது, ஓட்டையைத் தவறாகப் போட்டிருக்கிறார் என்றான் விக்ரம். இயக்குநர் படித்தவனை நம்பினார். கன்னியப்பனை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

போகும்போது அவர் சொன்னது இது: "அட்டய மாத்திட்ட சார். காத மாத்த முடியாது. இருவதும் உள்ளதான் கீது. எடுத்துப் பாரு."

விக்ரம் அன்று மாலையே எடுத்தான். எலிகளைக் கொல்லும் வாயுப்பெட்டிக்குள் வைத்தான். இருபதும் அடங்கிய பிறகு, கன்னியப்பன் தமிழில் எழுதிவந்த பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் தன் கையால் எழுதினான்: 'இந்த வம்சம் இத்துடன் நிறுத்தப்படுகிறது.'

ஆகஸ்டில் கன்னியப்பன் இறந்தார். நோய் என்று எதுவும் இல்லை. படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. புதிய ஆள் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தான். புது எலிகளுக்குத் தீனி வைக்க விக்ரமே வந்தான். கதவைச் சாத்தினான். சிவப்பு வெளிச்சம். ஈர உமியின் நெடி. கூண்டுகளில் கொறிக்கும் ஓசை...

ஓசை நின்றது. எல்லாக் கூண்டிலும் ஒரே சமயத்தில்.

எலிகள் பின்னங்காலில் எழுந்து நின்றன. அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தன.

கிராம்பு வாசனை.

டக்.

இடக்காது எரிந்தது. தொட்டுப் பார்த்தான். விளிம்பில் கடுகளவு ஓட்டை. ரத்தம் இல்லை. ஏதோ பூச்சி என்று தனக்கே சொல்லிக்கொண்டான். மறுநாளும் தீனி வைக்க வேண்டியிருந்தது. மறுநாளும் இடக்காது. மூன்றாம் நாள் அவன் போகவில்லை. முகப்பேரில், தன் வீட்டுக் குளியலறையில் நின்றிருந்தான். மின்சாரம் போயிற்று... கிராம்பு... டக். வலக்காது.

விளக்கு வந்ததும் கண்ணாடியில் படித்தான். இடக்காதில் இரண்டு, வலக்காதில் ஒன்று. இருபத்தொன்று. அவன் கொன்றவை இருபது.

அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. ஜனவரியில் நிரந்தர உத்தரவு வரவிருந்தது.

உத்தரவுக்கு முன்னால் குழந்தை வந்தது. அவன் மனைவி மைதிலிக்கு ஆண் குழந்தை. துணியில் சுற்றிக்கொண்டு வந்த ஆஸ்பத்திரி ஆயா சிரித்தாள்: "இன்னா சார், உன் புள்ள காது குத்திக்கினே வந்துகீறான். மாமனுக்கு செலவு மிச்சம்."

வெட்டிய வால் குட்டிக்கு வராது. தலைமுறை தலைமுறையாக வெட்டினாலும் எலிக்குட்டி வாலோடுதான் பிறக்கும். மாணவர்களுக்கு விக்ரம் நடத்தும் முதல் பாடமே அதுதான்.

"எந்தக் காதுல?" என்றான்.

"ரெண்டுலயும் சார். இந்தாண்ட ரெண்டு, அந்தாண்ட ரெண்டு. ஆறிப்போன ஓட்டை."

அன்றைக்கே மைதிலியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சொல்ல, அவன் நிலையத்துக்கு எழுதினான். கன்னியப்பனின் நீக்க உத்தரவை ரத்து செய்தார்கள். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, குழந்தையோடு இருவரும் அண்ணனூருக்குப் போனார்கள். கன்னியப்பனின் மனைவி பொன்னியம்மா கடிதத்தை வாங்கவில்லை.

"எங்களை மன்னிச்சிடுங்கம்மா" என்றாள் மைதிலி.

பொன்னியம்மா குழந்தையின் காதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நான் மன்னிச்சேன்னே வெச்சிக்கோ. அந்த இருவது எலி கைல யாரு போய் கேக்கறது?"

ஜீவா இப்போது சிரிக்கவில்லை.

இறுதியில் முடிவானவை இவை. விக்ரமின் ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அவன் வேலையை விட்டான். குழந்தைக்குக் காது குத்தும் சடங்கைச் செய்வதில்லை. இன்னொரு ஓட்டை விழுந்தால் எண் மாறிவிடும், மாறினால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. அடுத்த குழந்தை வேண்டாம். இந்தக் கடைசி முடிவை மைதிலிதான் எடுத்தாள். ஞானம்மாள் அழுது காரணம் கேட்டபோது, ஒரே வரியில் விடை சொன்னாள்.

"இந்த வம்சம் இத்தோட நிக்கட்டும் அத்தை."

பதிவேட்டில் எழுதியதை மட்டும் விக்ரம் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.