முதல் கிடேரி

ருக்மணி: கயித்தை என் கையில குடுக்காதக்கா. வெள்ளிக்கிழமை நாளைக்குத்தானே?

கோவிந்தம்மா: சும்மா புடி. நாளைக்குக் கோயில் கூட்டத்துல புது ஆளு புடிச்சா மெரளும். இன்னிக்கே உன் வாசனையைத் தெரிஞ்சுக்கட்டும்.

ருக்மணி: என் வாசனையா... காலையிலேர்ந்து கரும்பு வெட்டிட்டு இப்பத்தான் வந்தேன். மாடு மயங்கி விழுந்துடப் போவுது.

கோவிந்தம்மா: இந்தத் தீவுல, பாம்பூ ஊர்ல பொறந்த மாட்டுக்குக் கரும்புக்காட்டு வேர்வை தெரியாதா? மொதல்ல அதுக்குத் தண்ணி காட்டு.

ருக்மணி: அந்தத் தகரத்துல இருக்கு பாரு... அதுசரி, கன்னு எங்க?

கோவிந்தம்மா: கொட்டில்ல.

ருக்மணி: சாக்கு போத்திட்டு வந்தியா?

கோவிந்தம்மா: இந்த வெயில்ல எதுக்குச் சாக்கு?

ருக்மணி: இல்லே... நீ கன்னுக்குச் சாக்கு போத்துறவளாச்சே. அதான் கேட்டேன்.

கோவிந்தம்மா: ...தண்ணியைக் காட்டுடி.

ருக்மணி: நாளைக்கு எனக்கு வரப்போறது கன்னு. அதை விட்டுட்டுத் தாயை இம்புட்டு தூரம் எதுக்கு நடத்திக் கூட்டிட்டு வந்தே?

கோவிந்தம்மா: நாளைக்கு உனக்குக் குடுக்கப்போறது இதைத்தான்.

ருக்மணி: எதை?

கோவிந்தம்மா: இதை. தாயை.

ருக்மணி: தலையில துணி போடாம நடந்து வந்தியா?

கோவிந்தம்மா: வெளையாடல ருக்கு.

ருக்மணி: நானும் வெளையாடல. அம்மன் மாடு எப்படிக் கைமாறும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான். ஆம்பளைத் தொணை இல்லாம புள்ளை வளக்கிறவளுக்குக் கோயில்ல ஒரு மாடு குடுப்பாங்க. பாலு அவளுக்கு. காளைக்கன்னு போட்டா அதுவும் அவளுக்கு, வண்டிக்காரனுக்கு வித்துக்கலாம். மொதல்ல பொறக்கிற கிடேரியை மட்டும், பால்குடி மறந்ததும் கோயிலுக்கு ஓட்டிட்டு வந்து, அடுத்து காத்திருக்கிறவ கையில குடுக்கணும். உனக்கு மொத ஈத்து காளை. ரெண்டாவதும் காளை. மூணாவதா இப்பத்தான் கிடேரி. அது எனக்கு. இதுல தாய் எங்கேர்ந்து வந்துது?

கோவிந்தம்மா: கன்னை வச்சு நீ என்ன பண்ணுவே? அது வளந்து, சினை புடிச்சு, ஈன்று, பால் குடுக்க ரெண்டரை வருஷம். உம் பொண்ணு பாக்கியம் ஏறப்போற கப்பல் ரெண்டரை வருஷம் துறைமுகத்துல நிக்குமா? அவ வேலை செய்யுற வீட்டு மதாம் என்ன சொன்னா? திருப்பிச் சொல்லு.

ருக்மணி: எத்தனை தடவைக்கா சொல்றது... மதாம் இவெட் குர்பிப் ஊர்ல இருக்கிற வீட்டை மூடிட்டு, புது வருஷம் தாண்டி குடும்பத்தோட பிரான்சுக்குப் போறாங்க. நோயேல், அந்தக் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள்ள நான் போய்க் கூட்டிக்கலேன்னா பாக்கியத்தையும் கொண்டுபோயிடுவாங்க. 'உன்னால சோறு போட முடியும்னா கூட்டிட்டுப் போ, முடியாதுன்னா எங்களோட இருக்கட்டும், நல்லா வச்சுக்குவோம்'னாங்க. கெட்டவங்க இல்லேக்கா. அதுதான் கஷ்டம். கெட்டவங்களா இருந்தா அன்னிக்கே கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்திருப்பேன்.

கோவிந்தம்மா: இப்ப வயசு பதினொண்ணா?

ருக்மணி: பன்னெண்டு. போன ஞாயித்துக்கிழமை பாத்தேன். உள்ளங்கையை மோந்து பாத்தேன்... தரைக்குப் பூசுற மெழுகு வாசனை. 'எப்பம்மா வீட்டுக்கு'ன்னு கேக்கவே இல்லே. மொத ரெண்டு வருஷம் போறப்பல்லாம் கேப்பா.

கோவிந்தம்மா: அதுக்குத்தான் சொல்றேன், கறக்கிற மாட்டைப் புடி. காலையில நாலு போத்தல் தேறும். சீனாக் கடைக்கார கீ ரெண்டு போத்தல் எடுத்துக்குவான், மழை பேஞ்சாலும் வேணாம்னு சொல்ல மாட்டான். மிச்சம் ரெண்டு, கரும்புக்காட்டுல ஆள் மேய்க்கிற சர்தார் வீட்டுக்கு. உன் ரெண்டு பொண்ணுங்களுக்கும் வயிறு நெறையும். பாக்கியத்தை நீ வயலுக்கு அனுப்ப வேண்டியதில்லே.

ருக்மணி: உனக்கு?

கோவிந்தம்மா: எனக்குத்தான் கன்னு இருக்கே.

ருக்மணி: ரெண்டரை வருஷம் அதோட சேந்து நீயும் புல்லு திம்பியா?

கோவிந்தம்மா: வயல் வேலைக்குப் போறேன். சர்தார்கிட்ட சொல்லிட்டேன்.

ருக்மணி: அந்த முட்டியை வச்சுக்கிட்டா? கோயில்ல மூணு படி ஏற, படிக்கு ஒரு 'முருகா' போடுறே.

கோவிந்தம்மா: அவ புள்ளையைத்தானே கூப்புடுறேன். அம்மன் கோவிச்சுக்க மாட்டா.

ருக்மணி: இதுல என்னமோ இருக்கு. மடியில கட்டியா? காம்பு அடைச்சுக்கிச்சா? உதைக்குதா?

கோவிந்தம்மா: நீயே உக்காந்து கறந்து பாரேன்.

ருக்மணி: கன்னு பக்கத்துல இல்லாமலா? கன்னு மூஞ்சியைப் பாக்காம இது ஒரு சொட்டு இறக்குமா? கன்னு உன் வீட்டுல, தாய் என் வீட்டுல... அப்புறம் பாலு யாரு வீட்டுல? ஏழு வருஷமா மாடு வளக்கிறவ. இதையே நீ யோசிக்கலைன்னா உன் மனசு வேற எங்கயோ இருக்கு.

ஆறுமுகம்: நாளைக்கு அம்மன் முன்னாடி நிக்க வேண்டிய ஆளுங்க இன்னிக்கே சண்டையை ஆரம்பிச்சாச்சா?

ருக்மணி: வாங்கய்யா. தர்மகர்த்தா என் குடிசைக்கு வருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா உக்கார ஏதாச்சும் வாங்கி வச்சிருப்பேன். இந்தப் பொட்டிதான் இருக்கு.

ஆறுமுகம்: உக்கார நேரமில்லேம்மா. என் கரும்பு இன்னும் பாதி நிக்குது, ஆலை மூடுறதுக்குள்ள வெட்டியாகணும். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க. கன்னு கழுத்துல மஞ்சத்துணி கட்டிடு கோவிந்தம்மா. கற்பூரம் ஏத்தினதும் அதுமேல கையைக் காட்டி மூணு தடவை சொல்லணும், 'இது முதல் கிடேரி'ன்னு. மறக்கலையே?

கோவிந்தம்மா: மறக்கலைங்கய்யா.

ஆறுமுகம்: சத்தமா சொல்லணும். உனக்குக் குடுத்தவ சொன்னது பூசாரிக்கே கேக்கலை. அம்மனுக்குக் கேட்டுதோ என்னமோ.

கோவிந்தம்மா: ஐயா... கன்னுக்குப் பதிலா தாயைக் குடுத்தா?

ஆறுமுகம்: தாயையா? அதுக்குத்தான் இது இங்க நிக்குதா?

கோவிந்தம்மா: ஆமாங்கய்யா.

ஆறுமுகம்: கட்டளையில அப்படி இல்லையேம்மா.

கோவிந்தம்மா: கூடாதுன்னும் இல்லையே.

ஆறுமுகம்: இப்படி ஒருத்தி வந்து நிப்பான்னு கட்டளை எழுதினவங்க கண்டாங்களா என்ன... கறக்கிறதைக் குடுத்துட்டுக் கன்னை வச்சுக்கிறேங்கிறியே, ஏன்?

கோவிந்தம்மா: அவ பொண்ணு கப்பல் ஏறிடுமேன்னு...

ஆறுமுகம்: அது தெரியும். ஊரே வருத்தப்படுது. இவ புருஷன் பொன்னுசாமி பெருங்காய்ச்சல்ல போனப்ப வருத்தப்பட்டோம், அவன் தம்பி நிலத்தை எடுத்துக்கிட்டப்பவும் வருத்தப்பட்டோம். வருத்தப்படுறதுல நம்ம ஊரைக் கொறை சொல்ல முடியாது.

ருக்மணி: பழசு எதுக்குங்கய்யா.

ஆறுமுகம்: இரும்மா. உன் கல்யாணத்தை நடத்தி வச்சது நான். 'அம்மன் முன்னாடி தாலி ஏறிட்டா போதும், சிவில் ஆபீசுல எழுத வேண்டாம், அவளைவிடப் பெரிய சாட்சியா'ன்னு கேட்டதும் நான்தான். அன்னிக்கு ஒரு நடை போய்க் கையெழுத்துப் போட்டிருந்தா ரெண்டு அர்ப்பான் கரும்பு நிலம் இன்னிக்கு உன் பேருல நிக்கும். சட்டத்துக்கு நீ பொண்டாட்டியே இல்லேன்னு கோர்ட்டுல சொன்னப்ப நான் பின் பெஞ்சுல உக்காந்திருந்தேன். வாயைத் திறக்கலை... திறந்தும் பிரயோஜனம் இல்லே. கோயில் பேச்சைக் கேட்டுத்தான் நீ வீதிக்கு வந்தே. அதனால இந்த மாட்டைக் கோயில் உனக்குப் போடுற பிச்சைன்னு நெனைச்சுடாதே.

ருக்மணி: அப்படி நெனைக்கலைங்கய்யா.

ஆறுமுகம்: நல்லது. அதனாலதான் இதுல கோணலா எதுவும் நடந்துடக் கூடாதுன்னு பாக்கறேன். கோவிந்தம்மா, கன்னுல ஏதாச்சும் கொறையா?

கோவிந்தம்மா: இல்லைங்கய்யா. நல்ல கன்னு.

ஆறுமுகம்: பின்னே கற்பூரத்துல கை காட்ட ஏன் தயங்குறே?

கோவிந்தம்மா: தயங்கலை... அந்த வார்த்தையை... ஐயா, அஞ்சு வருஷம் முன்னாடி, இது மொத ஈத்து ஈன்றப்ப...

ருக்மணி: ஐயா, தள்ளி நில்லுங்க, சாணி. ஐயோ, வேட்டியில பட்டுடுச்சே.

ஆறுமுகம்: அடடா...

ருக்மணி: ஐயா, ஒண்ணு கேக்கறேன். தாயைக் குடுத்தா அந்த வார்த்தை சொல்ல வேண்டாம்தானே?

ஆறுமுகம்: அது கிடேரிக்குத்தான். தாயை... 'உன்னுதை உங்கிட்டயே விடுறேன் தாயே'ன்னு கயித்தை அம்மன் காலடியில போடுவா. பூசாரி எடுத்து உன் கையில குடுப்பாரு. அம்புட்டுதான்.

ருக்மணி: அப்ப அப்படியே செஞ்சுடலாம்யா. எனக்கு நாளைக்கே பால் வேணும். அதைச் சொல்லித்தான் எம் பொண்ணைக் கேக்க முடியும்.

ஆறுமுகம்: ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு என்னை மாட்டிவிடுறீங்க... சரி. மத்தவங்க கேட்டா நான் சொல்லிக்கறேன். கூட்டம் சேர்றதுக்கு முந்தி, அஞ்சரைக்கே வந்துடுங்க.

ருக்மணி: வேட்டியைத் தொடச்சுக்கங்கய்யா.

ஆறுமுகம்: அம்மன் மாட்டுச் சாணி. புண்ணியம்தான்.

ருக்மணி: அப்ப இன்னும் கொஞ்சம் கட்டித் தரவா?

ஆறுமுகம்: வேண்டாம்மா. என் புண்ணியத்தையெல்லாம் வெளுக்கிறது என் வீட்டுக்காரி.

கோவிந்தம்மா: ...போயிட்டாரா?

ருக்மணி: வேலி தாண்டிட்டாரு.

கோவிந்தம்மா: ஏன் மறிச்சே?

ருக்மணி: சாணியை மிதிச்சுட்டாரேன்னு...

கோவிந்தம்மா: அவரு வர்றதுக்கு முந்தியே அவரு நின்ன எடத்துலதான் கெடந்துது. அப்பல்லாம் நீ வாயைத் திறக்கலை.

ருக்மணி: நீ உக்காருக்கா. இம்புட்டு நேரம் நின்னா முட்டி தாங்காது.

கோவிந்தம்மா: வேண்டாம். உக்காந்தா எழுந்திருக்கிற சாக்குல சொல்லாமப் போயிடுவேன். ருக்கு... இது முதல் கிடேரி இல்லே. அஞ்சு வருஷம் முன்னாடி நீ கோயில்ல பேர் குடுத்துட்டுக் காத்துக்கிட்டு இருந்தே. தினம் வந்து இதோட வயித்தைத் தடவிப் பாப்பே. அது ஈன்றதும் நான் காளைன்னேன். தர்மகர்த்தாகிட்டயும் காளைன்னேன். காளை இல்லே ருக்கு. எஞ் சின்னவ அப்ப நெஞ்சுச்சளியில கெடந்தா, மூச்சு வாங்குறது தெருவுக்குக் கேக்கும். டாக்டரைக் கூட்டிட்டு வர என்கிட்ட வேற ஒண்ணுமே இல்லே. சாந்த் குருவா ஊர்லேர்ந்து ஒருத்தன் வந்தான், ஒரு மாசத்துக் கன்னை அவங்கிட்ட வித்துத் தள்ளிட்டேன். எம் பொண்ணு எழுந்து உக்காந்தா. அடுத்த மாசம் நீ பாக்கியத்தைக் குர்பிப்புக்கு அனுப்பினே. கிடேரி வருதுன்னு தெரிஞ்சிருந்தா, பல்லைக் கடிச்சுக்கிட்டு அவளை வீட்டுலயே வச்சிருப்பே. ரயிலடிக்கு நானும் வந்தேன், ஞாபகம் இருக்கா? உனக்குக் கை ஓடலைன்னு அவ தலையை நான்தான் பின்னிவிட்டேன். ஏழு வயசுப் புள்ளை. 'இறுக்கிப் பின்னுங்க பெரியம்மா, அங்க பின்னிவிட யாரும் இருக்க மாட்டாங்க'ன்னா. அந்தக் கோயில் மண்டபத்துல எத்தனையோ வெள்ளிக்கிழமை உக்காந்திருக்கேன்... எது சொல்லிக் கும்பிட்டாலும் அந்தக் கொரல்தான் கேக்குது. மனுசங்கிட்ட பொய் சொல்லிட்டேன். கற்பூரத்துல கை வச்சு என்னால சொல்ல முடியாது.

ருக்மணி: ...

கோவிந்தம்மா: ஏதாச்சும் சொல்லு. திட்டு. தர்மகர்த்தாவைக் கூப்புடு, இன்னும் தெருமுனை தாண்டியிருக்க மாட்டாரு.

ருக்மணி: கயித்தை அந்த வேலிக்கட்டையில கட்டு.

கோவிந்தம்மா: ருக்கு...

ருக்மணி: தெரியும்க்கா. அது பொறந்த மூணாம் நாள் சீம்பால் வாங்க வந்தேன். குளுருதுன்னு கன்னுக்குச் சாக்கு போத்தி வச்சிருந்தே. ஜனவரி மாசம், நம்ம தீவுல கல்லு வெடிக்கிற வெயில். நீ செம்பு எடுக்க உள்ள போனே, அது எழுந்து மூத்திரம் பேஞ்சுது. காளைன்னா வயித்துக்குக் கீழ விழணும். அது வாலுக்குக் கீழ விழுந்துது. சொல்லிடலாம்னு ரெண்டு தடவை தர்மகர்த்தா வீட்டு வாசல் வரைக்கும் போனேன். சொன்னா உன் மாட்டை அவுத்துக்கிட்டுப் போயிடுவாங்க, அப்புறம் ரெண்டு வீட்டுப் புள்ளைங்களுக்கும் ரயிலுதான்... திரும்பிட்டேன். மன்னிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன், அது இன்னும் வரலை. அஞ்சு வருஷம், வெள்ளிக்கிழமை தவறாம உன் பக்கத்துலயே வந்து உக்காந்தேன், இன்னிக்குச் சொல்வாளா, இன்னிக்குச் சொல்வாளான்னு. இப்ப சொல்லிட்டே. போ, கன்னை ஓட்டிட்டு வா. தாயும் கன்னும் இங்கயே ஒரு கொட்டில்ல கெடக்கட்டும், பாலைப் பாதியாப் பிரிச்சுக்கலாம், சர்தார்கிட்ட வரலைன்னு சொல்லிடு. காலையில கறக்க நீ வந்துதான் ஆகணும்... பாக்கியம் வந்ததும் தலை பின்னிவிட வேற யாரு இருக்கா?