பாரி சாருக்கு முதல் காய்

காராமணிக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றக் கூடாது, மேடம். உங்கள் ஸ்டேஷன் வாசல் தொட்டியில் இருப்பது வேர் அழுகிக் கிடக்கிறது. நான் மாதவரம் பக்கம் நர்சரியில் வேலை பார்க்கிறவள். கண்ணில் பட்டால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் பெயர் யசோதரா. வீடு எண்ணூரில், பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் கம்பெனியின் மதிலை ஒட்டி. மதிலோரத்து மண்ணில்தான் என் மகள் மாயா சொப்பு வைத்து விளையாடுவாள். முதலில் வயிற்றுவலி என்றாள். பிறகு படித்த எழுத்தெல்லாம் மறந்தது. பிறகு வலிப்பு. மூலக்கொத்தளம் இடுகாட்டில் புதைத்தோம்.

மறுநாள் தெருவே மறியலுக்கு உட்கார்ந்தது. கம்பெனி மேனேஜர் பாரி சார் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "மண்ணுல ஒண்ணும் இல்லம்மா. இதுல எது வெளஞ்சாலும் மொத காய் எனக்குக் குடுங்க, நான் சாப்பிடறேன்" என்றார். அங்கே புல்கூட முளைக்காது என்று அவருக்குத் தெரியும்.

"வாயாலயே வட சுட்டுகினு கீறான் பாரு" என்றாள் பக்கத்து வீட்டு மங்கை. நான் அவர் சொன்ன வார்த்தையைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

அந்த மதிலோரத்து மண்ணிலேயே காராமணி விதைத்தேன். இரண்டு இலையோடு கருகியது. அப்போதுதான் நர்சரியில் பயறு வகைகளுக்குப் போடும் வேர்ப்பூசணம் நினைவுக்கு வந்தது. பூசணம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள், நல்லது செய்கிற பூசணம் அது. குழியில் ஒரு பிடி போட்டு, அதன்மேல் விதையை வைக்க வேண்டும். வேரோடு ஒட்டிக்கொண்டு நூல் நூலாகப் பரவி, வேருக்கு எட்டாத இடத்திலிருந்தும் சத்தை இழுத்து வரும். ரசாயன உரம் போட்டால் அதற்குச் சோம்பல் வந்துவிடும், அதனால் நான் போடவில்லை. பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன். காராமணி மதிலேறிக் காய்த்தது. காயின்மேல் கம்பெனித் தூசி படிந்திருந்தது. கழுவாமல்தான் கட்டினேன்.

வண்ணாரப்பேட்டையில் பாரி சார் வீட்டு மாடித்தோட்டத்தைப் பார்க்கும் வேலையை நர்சரியில் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அழுத முகங்கள் அத்தனையையும் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? வாரம் தவறாமல் ஒரு கட்டு கொண்டு போனேன்.

"நல்லா ருசியா இருக்கே, எங்க வாங்கின?" என்பார்.

"எங்க வூட்டாண்ட வெளஞ்சது சார்" என்பேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

ஆத்திரத்தில் செய்தாயா என்று கேட்டீர்கள். வயிறு எரிந்துதான் செய்தேன். ஆனாலும் அவர் கேட்டதைத்தானே கொடுத்தேன்.

அவரைவிட அவர் மகள் கார்குழலிதான் ஆசையாகச் சாப்பிட்டாள். மாயா வயதுதான் அவளுக்கும். இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், ரத்தமெல்லாம் ஈயம் என்கிறீர்கள். குழந்தையோடு எனக்கென்ன பகை, மேடம்? என்னைக் கண்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளை. "ஆன்ட்டி, வயிறு வலிக்குது" என்று அவள் சொன்ன அன்றைக்குத்தான், பாவம், பிடித்ததைச் சாப்பிடட்டும் என்று கட்டைக் கொஞ்சம் பெரிதாகக் கட்ட ஆரம்பித்தேன்.