இடப்பக்கம் திரும்பாத கழுத்து

— வலி தலையிலம்மா. நீங்க என் கழுத்தைப் பிடிச்சிருக்கீங்க.

— தெரிஞ்சுதான் பிடிச்சிருக்கேன், ஐயா. பிசியோதெரபின்னா அப்படித்தான். மல்லாந்து படுத்து, தலையை என் கையில விட்டுடுங்க.

— எங்க பரம்பரையில யாரும் தலையை அடுத்தவங்க கையில விட்டதில்ல.

— நீங்க தலையைப் பாருங்கம்மா. இவர் வாயை நான் பாத்துக்கறேன்.

— நீ வெளியில போய் உக்காரு.

— மாட்டேன். பொண்டாட்டி பக்கத்துல இல்லாட்டி, வலியே இல்லன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடுவீங்க.

— ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. ரத்த அழுத்தமும் சரியா இருக்கு. கண்ணு காட்டினீங்களா, ஐயா?

— அதை நல்லாக் கேளுங்க! இந்த வயசுல இப்படி ஒரு பார்வையான்னு கண் டாக்டரே அசந்துட்டார். சில பேர் காதுல விழ வேண்டிய சேதி அது.

— சரி. மண்டைக்குக் கீழ, இடப்பக்கம் லேசா அழுத்தறேன்.

— ஆ! அதே வலி! கண்ணுக்கு மேல வந்து நிக்குது! அங்க தொட்டா இங்க ஏம்மா வலிக்குது?

— மேல் கழுத்து நரம்பும் நெத்தி நரம்பும் உள்ள ஒரே இடத்துல போய்ச் சேருது. வலி எங்கேருந்து கிளம்புச்சுன்னு மூளைக்கே குழப்பம். இப்ப வலப்பக்கம் திரும்புங்க. ஜோர். இடப்பக்கம்?

— திரும்பிட்டேனே.

— மூக்கு இன்னும் மேல ஃபேனைத்தான் பாக்குது. கடையில எப்படி உக்காருவீங்க?

— நிமிர்ந்து. அப்பா வெச்ச பெயின்ட் கடைம்மா. அவர் நாற்காலியில உக்கார்றவன் கூனக் கூடாது.

— நிமிர்ந்துதான். ஆனா ஷட்டர் தூக்கினதுலேருந்து இறக்கற வரைக்கும் வலப்பக்கச் சுவத்தைப் பாத்துக்கிட்டு. ஏன்னா இடப்பக்க மேசையில இவர் தம்பி, என் கொழுந்தனார்.

— குடும்ப விஷயத்தை வெளியில பேசாதே.

— இது கழுத்து விஷயம்ங்க. கலர் கலக்கற மெஷினைக் கொழுந்தனார் வாங்கி வெச்சதுலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லம்மா. பெயின்ட் டப்பா வேணும்னாக்கூட கடைப் பொண்ணு மூலமாத்தான் கேப்பாங்க.

— அவன் சொன்னதையும் சொல்லேன்! கண்ணால பாத்தே கலர் கலக்கறவன்மா நான். ஒரு வீட்டுக்குக் கொஞ்சம் மாறிப்போச்சு. அதுக்கு, கடை நிறைய ஆளை வெச்சுக்கிட்டு, 'அண்ணனுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல'ன்னுட்டான். என் கையைப் பிடிச்சு நடை பழகினவன்! அவனா முதல்ல என் முகத்தைப் பாக்கட்டும். அதுவரைக்கும் நான் திரும்பறதா இல்ல.

— மேசையையாவது மாத்திப் போடலாமே?

— அப்பா போட்ட மேசை. அது அசையாது.

— அப்ப கழுத்துதான் அசையணும். தாடையை மெல்ல உள்ள இழுங்க. குனிய வேண்டாம், பயப்படாதீங்க. அப்படியே, வலிக்காத அளவுக்கு, அப்பப்ப இடப்பக்கம் திரும்பிப் பழகுங்க.

— வேற வைத்தியம் இல்லையா?

— பாதி என் கையில, பாதி நீங்க திரும்பறதுல. திரும்பாட்டி வலி போகாது.

— இந்த வலியோட நாற்காலியில உக்கார முடியலம்மா. நேத்து பாதி நாள்லயே வீட்டுக்கு வந்துட்டேன். அப்பாவுக்கப்புறம் அந்த நாற்காலி காலியாக் கிடந்ததே இல்ல.

— அப்ப திரும்புங்க, ஐயா.

— நானே முதல்ல திரும்பினா என் மரியாதை என்ன ஆகும்? அண்ணன் இறங்கி வந்துட்டான்னு நினைக்க மாட்டானா?

— நினைக்கட்டுமே. ஆமா, அம்மா, இவர் தலைவலின்னுதானே சொல்றார். கழுத்தைக் காட்டணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?

— எனக்கு எங்க தோணுச்சும்மா? கொழுந்தனார்தான் போன் பண்ணினார். 'அண்ணி, அண்ணன் அடிக்கடி பிடரியைப் பிடிச்சுக்கறார். யாராவது என் பக்கம் நின்னு கூப்பிட்டா உடம்போட சேந்து திரும்பறார். எனக்கென்னமோ கழுத்துலதான் கோளாறுன்னு படுது, கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க'ன்னார்.

— அவனுக்கு எப்படித் தெரியும்? அவன்தான் என் பக்கமே பாக்க மாட்டானே!

— பாக்க மாட்டார்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நீங்கதான் சுவத்தையே பாத்துட்டு இருந்தீங்களே!