ஓய்வு விழாவில் ஓடுபாதை கேட்ட கேப்டன்

அவையை ஆளும் அன்புத் தலைவர் எத்திராஜ் ஐயா அவர்களே! ஒக்கலிபுரம் தமிழ் மன்றத்தின் ஓயாத உழைப்பாளர்களே! மூத்தோரே, முன்வரிசைத் தாய்மார்களே! பந்தியில் ஒப்பட்டு, அதாவது நம்ம போளி, தீர்ந்துவிடுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! உங்கள் ஜெயலட்சுமியின் வணக்கம்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க அக்கா" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு ரெண்டு வார்த்தையா? சிரிக்காதீங்க, மாட்டிக்கிட்டீங்க!

என் கணவர் கேப்டன் ராஜேந்திரனுக்கு இன்று மணிவிழா. அறுபது ஆனால் ஆபீசும் முடிந்தது என்பது நம்மவர் கணக்கு. அதனால் மன்றத்தார் மணிவிழாவையும் பணி ஓய்வுப் பாராட்டையும் ஒரே மேடையில் வைத்துவிட்டார்கள். 'ஓய்வு பெறும் விமானி' என்று பேனரும் கட்டியாச்சு. சுவர்க் கடிகாரமும் வாங்கியாச்சு. நேற்று வந்து நின்றாரய்யா இவர்! "ஜெயா, கம்பெனி இன்னும் அஞ்சு வருஷம் இருக்கச் சொல்லுது. நீ சரின்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்." எத்திராஜ் ஐயாவின் முகத்தைப் பாருங்கள்! இப்போதுதான் கேள்விப்படுகிறார்.

எனக்கு ஐம்பத்தெட்டு ஆனதும் பள்ளிக்கூடம் சால்வை போர்த்தி அனுப்பியதே, இவரை மட்டும் ஏன் விடமாட்டார்கள்? பாசமா? பரிவா? பொருளாதாரம் ஐயா, பொருளாதாரம்! பணத்தைக் கொட்டினால் விமானம் வரும், கேப்டன் வருவாரா? ஒரு கேப்டன் உருவாகப் பல வருஷம் ஆகும். அதுவரை விமானம் தேவனஹள்ளி விமான நிலையத்தில் நின்றபடியே வாடகை தின்னும். புது விமானம் வரவர வெள்ளை முடிக்கு விலை ஏறுது! டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரி சொன்னால், அறுபத்தைந்து வரை பறக்கலாம்.

யாரது குரல்? இவரோடு பறக்கும் துணை விமானி தருண்! "ஆன்ட்டி, அப்போ எனக்கு கேப்டன் சீட்டு எப்போ?" என்கிறான். நியாயமான கேள்வி, கைதட்டுங்கள்! தம்பி, விமானங்கள் வருகிற வேகத்துக்கு நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்தாலும் போதாது. புது விமானம் வராமல் போனால் உன் வரிசை தள்ளிப்போகும், மறைக்கமாட்டேன். அன்றைக்கு உனக்காக இவரோடு நானே சண்டை போடுகிறேன்.

ஆனால் என் கணக்கு? கல்யாணமான நாளிலிருந்து ஒரு தீபாவளிக்காவது இவர் வீட்டில் இருந்தாரா? ஊரே ஊருக்குப் போகிற நாள், டிக்கெட் எகிறுகிற நாள். இவர் மேலே, நான் கீழே! அறுபது வரட்டும், அறுபது வரட்டும் என்று காத்திருந்தேன். அறுபது வந்தது, கூடவே அஞ்சையும் கூட்டி வந்தது. நேற்று அழுதேன், உண்மையைச் சொல்கிறேன்.

இன்று காலை பார்க்கிறேன், மணிவிழாப் பட்டுவேட்டியைக் கட்டிலில் போட்டுவிட்டு, தோளில் நாலு பட்டை வைத்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறார்! அழுத கண்ணோடு சிரித்துவிட்டேன். இந்த மனுஷனைத் தரையில் உட்காரவைத்து நான் என்ன செய்யப்போகிறேன்?

ஆகவே சபையோரே! மாலை என் கையில், முடிவும் என் கையில். போட்டால் சம்மதம். ஒரே நிபந்தனை: இந்தத் தீபாவளிக்கு இவர் ஓட்டும் விமானத்தில் எனக்கு ஜன்னலோர இருக்கை வேண்டும். என்னங்க, சரியா?

அதோ, எழுந்துவிட்டார்! "சரி ஜெயா. ஆனா பட்டாசு கொண்டுவரக் கூடாது" என்கிறார்!

போட்டேன் மாலையை! எத்திராஜ் ஐயா, பேனரில் அந்த 'ஓய்வு' மேல் ஒரு பூச்சரத்தைத் தொங்கவிடுங்கள். கடிகாரத்தை அஞ்சு வருஷம் பத்திரமாக வைத்திருங்கள். வந்து வாழ்த்திய எல்லோருக்கும் வாய் நிறைய நன்றி. வணக்கம், ஒப்பட்டு சூடாக இருக்கிறது, வாருங்கள்!