மூன்று முறை மாற்றிய லென்ஸ்

— அது பூஞ்சைதான். நான் சொல்றேன், நம்பு. லென்ஸுக்கு உள்பக்கமா, பஞ்சைப் பிச்சுப் போட்ட மாதிரி படிஞ்சிருக்கு. வெளியில எவ்வளவு துடைச்சாலும் போகாது.

— போகாட்டி விடுங்க. தட்டை எங்க வெக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க. சாப்பாட்டு மேசையில ஒரு ஓரமாச்சும் எனக்குக் குடுப்பீங்களா மாட்டீங்களா?

— மேசையைத் தொடாத. அந்த வெள்ளைத் துணி மேல இருக்கிறதெல்லாம் கழட்டின வரிசைப்படி இருக்கு. ஒரு திருகாணி இடம் மாறினாலும் என் பொழப்பு போச்சு.

— உங்க பொழப்புக்குப் போன வருஷமே அச்சகத்துல மாலை போட்டு அனுப்பிட்டாங்க. இது சக்களத்தி பொழப்பு.

— மறுபடி ஆரம்பிக்காத. மைக்ராஸ்கோப்னு சொல்லு.

— எட்டு வந்த வரைக்கும் நானும் மைக்ராஸ்கோப்னுதான் சொல்லிட்டு இருந்தேன். ஒன்பதாவதா அந்தக் கறுப்பு இரும்பை, மூடிப்போன லேப்லேர்ந்து டாக்ஸியில பின் சீட்டுல உக்காத்தி வெச்சு, நீங்க பக்கத்துல அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு வந்து இறங்கினீங்க பாருங்க. தெருவே வேடிக்கை பாத்துச்சு. அன்னையிலேர்ந்துதான் சக்களத்தி.

— விஷயம் என்னன்னா, அதோட அருமை உனக்குத் தெரியல. வந்தப்ப எப்படி இருந்துச்சு? ஃபோகஸ் பண்ற திருகு அசையவே இல்ல. உள்ள பழைய கிரீஸ் கல்லா இறுகிப் போயிருந்துச்சு.

— என் தலைமுடி காய வெக்கிற மெஷினாலதானே அதுக்குச் சூடு காட்டினீங்க. இப்ப நான் தலைக்குக் குளிச்சுட்டு அதைப் போட்டா, என் மேல பட்டறை வாசனை வருது.

— சூடு காட்டினாத்தான் இளகும். இப்ப திருகிப் பாரு, வெண்ணெய்ல விரல் போற மாதிரி போகும். விளக்கையும் மாத்தியாச்சு. டார்ச்சுல இருந்த பல்பைக் கழட்டி அடியில வெச்சேன், சூரிய உதயம் மாதிரி இருக்கு.

— ஓ. அதான் கரண்டு போனப்ப டார்ச்சை அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு இருட்டுல உக்காந்திருந்தேனா.

— ஸ்லைடை நகத்துற மேடை அதுக்கு இல்ல. எட்டாவதுலேர்ந்து கழட்டி அதுக்குப் பொருத்தினேன். மேசையில கிடக்கிறது அந்த எட்டாவதுதான்.

— செருப்பு டப்பாவுல இருந்த ஈரம் உறிஞ்சுற பொட்டலத்தையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போய் அதுக்குப் போட்டீங்களே, அதையும் சொல்லுங்க. பூஞ்சை இப்ப என் செருப்புலதான் இருக்கு.

— இல்ல. லென்ஸுல இருக்கு. அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் என் தலையில கட்டினானே, நாப்பது மடங்கு லென்ஸு, அதுல.

— அவரை ஏங்க வம்புக்கு இழுக்கறீங்க? உங்களுக்காக எங்கேயோ எழுதிப் போட்டு வரவழைச்சாரு. பழுதுன்னு சொன்னீங்க, புது டப்பாவுல மாத்திக் குடுத்தாரு. மறுபடி பழுதுன்னீங்க, மறுபடி மாத்தினாரு. மூணு தடவை. முகம் கூடச் சுளிக்கல.

— சந்தேகமே அங்கதான். முகம் சுளிக்காம ஒருத்தன் மாத்திக் குடுத்தா என்ன அர்த்தம்? அவன் கிட்ட இருக்கிறது அத்தனையும் பழுதுன்னு அர்த்தம். கேளு. முதல் லென்ஸுல மூட்டம் நடுவுல இருந்துச்சு. ரெண்டாவதுல கொஞ்சம் கீழ இறங்கி இருந்துச்சு. மூணாவது பரவாயில்ல, ஆனா வெளிச்சத்தைச் சுத்தி ஒரு வளையம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமான பழுது. அனுபவம் இருக்கிறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

— சரி, அப்புறம்?

— அப்புறம் என்ன. இப்ப வர்றேன்னு சொல்லியிருக்கான், நாலாவதா மாத்திக் குடுக்க. வரட்டும். லென்ஸை அவன் கையில திணிச்சு, இன்னையோட நமக்குள்ள பேச்சுவார்த்தை இல்லைன்னு சொல்லிடப் போறேன். ஞாயித்துக்கிழமை பூங்காவுல மைக்ராஸ்கோப் கூட்டத்துலயும் எழுந்து நின்னு சொல்லப் போறேன்.

— அந்தக் கூட்டத்துல மொத்தமே அஞ்சு பேரு. உங்க ரெண்டு பேரைக் கழிச்சா மூணு. அதுல ஒருத்தருக்குக் காது கேக்காது.

— கேக்கிற ரெண்டு பேர் போதும்.

— நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே பழக்கமானவருங்க அவரு. எனக்குப் பிரசவ வலி வந்தப்ப வண்டி ஓட்டினது யாரு? நீங்க முன் சீட்டுல மயங்கிக் கிடந்தீங்க.

— அது வேற, இது லென்ஸு. உனக்கு முழுக் கதை தெரியாது. போன தடவை கடையில நின்னு, பூஞ்சைய்யா பூஞ்சைன்னு நான் அடிச்சுச் சொல்லிட்டு இருக்கேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘உன் கண்ணை ஒரு தடவை காட்டிப் பாரேன்’னான். கண்ணாடிக்கடை புத்தி. லென்ஸ் பழுதுன்னு போனவனுக்குக் கண்ணாடி விக்கப் பாக்கிறான்.

— கண்ணையா?

— என் கண்ணை. வரியில விட்டுப்போன ஒத்தைப் புள்ளியை அடுத்த மேசையிலேர்ந்து புடிச்ச கண்ணு. நான் பிழை திருத்தின பக்கத்துல இன்னொரு ஆளு பிழை கண்டுபிடிச்சதா சரித்திரமே இல்ல.

— போன வாரம் ஊசியில நூல் கோத்துக் குடுங்கன்னு குடுத்தேன்.

— குடுத்தேனே.

— ஊசிக்குப் பக்கத்துல கோத்துக் குடுத்தீங்க.

— இப்ப வர்ற ஊசிக்கெல்லாம் காதே இல்ல.

— இருங்க. அழுக்கு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுவீங்களே. தைக்கத் துணி குடுக்க வர்ற பொம்பளைங்களைக் கூட நிக்க வெச்சுச் சொல்லுவீங்களே. அதை இப்ப எனக்குச் செஞ்சு காட்டுங்க.

— இப்பவாவது கேக்கணும்னு தோணுச்சே. வா, சன்னல்கிட்ட ஒன்பதாவது இருக்கு. பூந்தொட்டித் தட்டுல தேங்கின தண்ணி ஒரு சொட்டு ஸ்லைடுல இருக்கு. இப்ப நான் பாக்குறேன். மூட்டம் தெரியுது. சரியா? ஸ்லைடை நகத்துறேன். மூட்டமும் கூட நகந்தா, அழுக்கு ஸ்லைடுல.

— நகருதா?

— இல்ல. அடுத்து, கண்ணு வெச்சுப் பாக்குற மேல் லென்ஸை அப்படியே திருப்புறேன். மூட்டமும் திரும்பினா, அழுக்கு மேல் லென்ஸுல.

— திரும்புதா?

— இல்ல. அப்ப மிச்சம் என்ன? கீழ் லென்ஸு. கண்ணாடிக்கடைக்காரன் மாட்டிக்கிட்டான்.

— அந்தக் கீழ் லென்ஸைக் கழட்டிட்டு, எட்டாவதோட லென்ஸைப் போட்டுப் பாருங்க.

— எதுக்கு?

— சும்மா. என் திருப்திக்கு.

— போட்டாச்சு. ம். இதுலயும் மூட்டம்.

— ஏழாவதோடதைப் போடுங்க.

— இதுலயும்தான். பாத்தியா, அவன் லென்ஸுலேர்ந்து எல்லாத்துக்கும் பரவிடுச்சு. இதைத்தான் நான் பயந்தேன்.

— பரவறதுக்கு அது என்ன அம்மையா? நகருங்க, நான் ஒரு தடவை பாக்குறேன். அவரோட லென்ஸையே திருப்பி மாட்டுங்க.

— இமை படாமப் பாரு. மூச்சை மேல விடாத.

— எனக்குப் பளிச்சுனு இருக்கே.

— உனக்குப் பழக்கமில்ல. எது பளிச்சு, எது மங்கல்னு தெரியாது.

— ஏதோ பூச்சி ஒண்ணு இருக்கு. பாசி மேல காலை ஊணிக்கிட்டு உடம்பை நீட்டுது. அய்ய, தலையில ரெண்டு சக்கரம்.

— என்னது?

— ரெண்டு சக்கரம். ரெண்டு பக்கமும் சுத்துது. ஓரத்துல பல்லு பல்லா இருக்கு. என் தையல் மெஷின்ல கூட இவ்வளவு சீரா ஓடாது. சுத்திச் சுத்தித் தூசியையெல்லாம் வாய்க்குள்ள இழுத்துப் போட்டுக்குது.

— உனக்குச் சக்கரம் தெரியுதா?

— ஏன், தெரியக்கூடாதா?

— அது சக்கரம் இல்ல. மயிரு. பொடி மயிருங்க வரிசையா அசையறது, பாக்கச் சக்கரம் சுத்துற மாதிரி இருக்கும். படிச்சிருக்கேன். அதைப் பாக்கத்தான் இந்த லென்ஸையே கேட்டு வாங்கினேன். ஒரு நாள் கூட எனக்குத் தெரியல.

— உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?

— ஒரு பஞ்சு உருண்டை. ஆடுற பஞ்சு உருண்டை.

— இங்க உக்காருங்க. எந்தக் கண்ணால பாக்குறீங்க?

— வலதுதான். எப்பவும் வலதுதான். இடது சும்மா தொணைக்கு வந்தது.

— இன்னைக்குத் தொணைக்கு வந்தவரையும் வேலை செய்யச் சொல்லுங்க. வலதை மூடுங்க. ம், இடதை வெச்சுப் பாருங்க. என்ன தெரியுது?

— இரு.

— என்னங்க?

— கொஞ்ச நேரம் பேசாம இரு.

— சரி.

— சுத்துது. ரெண்டும் சுத்துது. நீ சொன்ன மாதிரியே.

— அழாதீங்க, லென்ஸு நனைஞ்சிடும்.

— அழல. விளக்கு கூசுது. விளக்கு இப்பத்தான் நல்லாப் புடிச்சிருக்குன்னு நெனைக்கிறேன், அதான் தெளிவாயிடுச்சு.

— அப்ப வலதால பாருங்க.

— பஞ்சு.

— இடது?

— சக்கரம்.

— வலது?

— போதும், விடு.

— இப்படித் திரும்புங்க. எதிர்த்த மருந்துக்கடை போர்டை வலது கண்ணால படிங்க.

— அவன் போர்டுக்கு வெள்ளை அடிச்சுட்டான்.

— இடதால?

— ‘சில்லறை தந்து உதவவும்.’ உதவவும்ல ஒரு எழுத்து சாஞ்சிருக்கு.

— வெள்ளை அடிக்கல, பாத்தீங்களா.

— அப்ப பூஞ்சை என்கிட்டயா இருக்கு?

— பூஞ்சை இல்லைங்க. கண்புரையா இருக்கும்னு தோணுது. டாக்டர் பாத்துச் சொல்லட்டும். எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு. தெரு விளக்கைச் சுத்தி வளையம் தெரியுதுன்னு மின்சார ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டாரு.

— பெரியப்பாவுக்கு என்ன பண்ணாங்க?

— உள்ள மங்கிப்போன லென்ஸை எடுத்துட்டு, வேற லென்ஸு வெச்சாங்க. கட்டை அவுத்ததும் என்னைப் பாத்து, ‘உனக்கு எப்பம்மா இவ்வளவு நரைச்சுது’ன்னாரு.

— எடுத்துட்டுன்னா? கழட்டியா?

— நீங்க கழட்டாத லென்ஸா?

— அதனாலதான் பயமா இருக்கு. நான் கழட்டினதுல பாதி இன்னும் அந்தத் துணி மேலதான் கிடக்கு.

— டாக்டருக்கு அடுத்த ஆளைப் படுக்க வெக்க மேசை வேணும்ல. திருப்பி மாட்டித்தான் ஆகணும். நான் கூட வர்றேன். உங்க கையைப் புடிச்சுக்கறேன், நீங்க டாக்ஸியில அந்த இரும்பைப் புடிச்சுக்கிட்டீங்களே, அது மாதிரி.

— அழைப்பு மணி. அவன்தான்.

— இருக்கட்டும். நான் திறக்கறேன்.

— கேளு, கேளு. கண்ணுன்னு மட்டும் சொல்லிடாத. பூஞ்சை வெயில்ல காஞ்சு உதிந்துடுச்சுன்னு சொல்லலாம். முந்தாநாள் போன்ல அவங்க அப்பா வரைக்கும் இழுத்துப் பேசிட்டேன். அவன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?

— இடது கண்ணால முழிங்க. வாங்கண்ணே. உள்ள வாங்க.

— என்ன தங்கச்சி, நல்லா இருக்கியா? எங்க நம்ம ராசா? கதவுக்குப் பின்னாடி ஏன் நிக்கிறான்?

— நிக்கல. திருகாணி தேடுறேன். வா, உக்காரு. விஷயம் என்னன்னா, லென்ஸு சரியாயிடுச்சு. வெயில்ல வெச்சேன், காஞ்சிடுச்சு. வேற வேணாம்.

— காஞ்சிடுச்சா? அதை என் தலையிலேயே உடைக்கப் போறதா முந்தாநாள் சொன்னியே, ராசா.

— கோவத்துல சொன்னேன். மன்னிச்சிடு.

— மன்னிக்கவா? தங்கச்சி, இவனுக்குக் காய்ச்சல் ஏதும் இருக்கா பாரு.

— சொல்லிடுங்களேங்க. அண்ணன்தானே.

— கண்ணு. லென்ஸு இல்ல. என் வலது கண்ணுதான்.

— அப்பாடா. பெத்த புள்ளை பாஸ் ஆன மாதிரி இருக்கு. நான் லென்ஸு எதுவும் கொண்டு வரல, ராசா. கீழ வண்டியை நிறுத்திட்டு வந்திருக்கேன். கண் ஆஸ்பத்திரியில உன் பேரைச் சொல்லி நேரம் வாங்கியாச்சு. உன்னை என்ன பொய் சொல்லி ஏத்துறதுன்னு வழியெல்லாம் மண்டையை ஒடைச்சுக்கிட்டு வந்தேன்.

— உனக்கு முன்னாடியே தெரியுமா?

— போன தடவை கடைக்கு வந்தப்ப, வாசல்ல கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்கிற விளம்பர அட்டைக்கு வணக்கம் சொல்லிட்டு உள்ள வந்தே.

— புதுசா வேலைக்கு வெச்ச ஆளுன்னு நெனைச்சேன்.

— அவன் பதில் வணக்கம் சொல்லலைன்னு என்கிட்ட புகார் வேற பண்ணே. மரியாதை தெரியாத ஆளை வேலைக்கு வெக்காதன்னே.

— என்னங்க, இதை என்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க.

— எல்லாத்தையும் உன்கிட்ட சொல்லணுமா? சரிய்யா, தெரிஞ்சுதுல்ல, அப்பவே நேராச் சொல்றதுக்கு என்ன?

— சொன்னேனே, ராசா. கண்ணாடி விக்கப் பாக்குறேன்னு நடுக்கடையில நின்னு கத்தினே. கண்ணாடி போட்டுப் பாத்துக்கிட்டு இருந்த அம்மா அதைக் கழட்டி வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

— ஒத்துக்கறேன். என் தப்புதான். ஆனா உன்னையும் ஒரு வார்த்தை சொல்லணும். பழுது இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டே மூணு தடவை மாத்திக் குடுத்திருக்கியே, அது என்ன வியாபாரம்? சரி, போனது போகட்டும். அந்த மூணுல ரெண்டாவதா குடுத்தியே, மூட்டம் கீழ இறங்கினது, அதையே எனக்குத் திருப்பிக் குடுத்துடு. அதுலதான் கண்ணாடி உயர்ந்த ரகம். பாத்தவுடனே தெரிஞ்சுக்கிட்டேன்.

— எந்த மூணு, ராசா? நான் மாத்தினது டப்பாவை மட்டும்தான்.